பத்து பத்துக்குக் கூவும் நெஞ்சு

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சுகந்தியின் நெஞ்சு கூவியது.

அந்த நேரத்தில் அவள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியிலிருந்து, தூரத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் போவதுபோல ஏறி இறங்கும் ஒரு சத்தம். இருபது விநாடி. பிறகு நின்றுவிட்டது. பெண்ணின் அம்மா, ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, மகளின் கையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தாள்.

“உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சுங்களா?” என்றாள்.

“முப்பத்தஞ்சரை,” என்றாள் சுகந்தி. டேப்பைக் கீழே விடவில்லை. “கையை இறக்கு கண்ணு. தோள் பதிமூணு.”

அவர்கள் போன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோயம்புத்தூரில் அந்தத் தை மாதம் பத்து பத்து என்றால் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், பிழைத்தவர்களின் இதயத்தில் தழும்பை விட்டுப் போயிருந்தது. தழும்பு விழுந்த இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பித் துடித்து நின்றுபோகலாம். அந்த நொடியில் உள்ளிருந்தே மின்சார அதிர்ச்சி கொடுத்து அதை மறுபடி ஓடவைக்க, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றை லட்சக்கணக்கானவர்களின் மார்பில் பொருத்தினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர். ஜனங்களுக்கு அது ‘காவல்’. அது கொடுக்கும் அதிர்ச்சி ‘உதை’.

இரண்டே வருஷத்துக்குள் எல்லோருக்கும் பொருத்தியதால், எல்லோருடைய பேட்டரியும் இப்போது ஒன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தது. தீரப்போவதைச் சொல்லத் தினமும் பத்து பத்துக்கு அது கூவும். டவுன் பஸ்ஸில் நாலைந்து நெஞ்சுகள் சேர்ந்து கூவும். ஜன்னலோரம் இருப்பவர்கள் வெளியே பார்ப்பார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருப்பார். சில வாரம் கழித்து அதே பஸ்ஸில் ஒரு நெஞ்சு குறைந்திருக்கும். புதுசு வைத்துக்கொண்டாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

சுகந்திக்கும் அவள் கணவன் பூபதிக்கும் ஒரே காலையில்தான் காவல் வைத்தார்கள். காய்ச்சல் முகாமில் ஆண், பெண் என்று வார்டு பிரிக்க இடமில்லாத காலம். பதினாலாவது கட்டிலில் அவள். பதினைந்தில் அவன். மயக்கம் தெளிந்ததும் பக்கத்துக் கட்டிலிலிருந்து முதல் வார்த்தை வந்தது.

“அம்மிணி, உங்களுக்கு எந்தப் பக்கம் வெச்சாங்க?”

“இடது பக்கமுங்க.”

“எனக்கும் இடதுதான். அப்பப் பொருத்தம் பாத்தாச்சு.”

ஆறு மாதத்தில் கல்யாணம். அவளுடைய இதயம் பிரசவத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டதால் குழந்தை இல்லை. அவன் ஊரின் கணபதி பகுதியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்தான். அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டாள். மார்பில் புடைத்து நிற்கும் காவல்மேல் துணி உரசாமல் இருக்க, ரவிக்கைக்கு உள்ளே மெத்தென்று ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைப்பதை அந்தப் பக்கத்தில் அவள்தான் ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு ஐந்து உதை. பூபதிக்கு ஒன்றுகூட இல்லை. நாலாவது உதையின்போது அவன் அவளைக் கட்டிப் பிடித்திருந்தான். அவன் கையிலும் சுரீர் என்று ஏறியது. அதிலிருந்து யார் கேட்டாலும், “அவளுக்கு மூணரை, எனக்கு அரை,” என்பான். ஐந்தாவது வந்த பிறகும் கணக்கை அவன் மாற்றவில்லை.

*

மறுநாளே இருவரும் காவல் மையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த டெக்னீஷியன் இம்மானுவேல், சுகந்தியின் மார்பில் ஒரு வட்டத் தட்டை வைத்துத் திரையைப் பார்த்தான்.

“இன்னும் மூணு மாசத்துக்கு உதைக்கச் சக்தி இருக்கும். அதுக்கப்புறம் இருக்காதுக்கா.”

“அதோட கூவறதும் நின்னுருமாங்க?” என்று சுகந்தி கேட்டாள்.

“நிக்காது. கூவறதுக்குக் கொஞ்சூண்டு மின்சாரம் போதும். ஒரு வருசம்கூடக் கூவிட்டு இருக்கும். உதைக்கத்தான் நெறைய வேணும்.”

“வாய் மட்டும் இருக்கும், கை வராது,” என்றான் பூபதி. “எங்க மொதலாளியாட்டம். அது சரிங்க தம்பி, பேட்டரியை மட்டும் மாத்தக் கூடாதுங்களா? நான் அடிச்சுப் புகைஞ்ச மோட்டாரையே பிரிச்சுக் கட்டறவனுங்க.”

“இது முழுசா பத்தவெச்சு மூடினதுண்ணா. தெறந்தா உள்ள ஈரம் எறங்கிரும். பொட்டியோடதான் மாத்தணும்.”

“பொட்டிக்கு என்ன பஞ்சம்?”

“அதுதான் பஞ்சம். காய்ச்சல் ஓஞ்சதும் செய்யறவங்க எல்லாம் கடையை மூடிட்டாங்க. இப்ப பத்துப் பேரு கூவினா மூணு பொட்டி வருது.” இம்மானுவேல் திரையை அணைத்தான். “அதனாலதான் காவல் வாரியத்துல இப்படி ஒரு விதி போட்டிருக்காங்க. ஒரு குடும்ப அட்டைக்கு ஒண்ணு.”

அந்த விதி ஊருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர்களுக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் அப்பாவும் இரண்டு மகன்களும் ஒரே அட்டையில் இருந்தார்கள். கோயிலில் திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்தார்கள். சீட்டு அப்பா பெயருக்கு விழுந்தது. அவர் அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. வரன் பார்க்கும் விளம்பரங்களில் ‘காவல் இல்லாத குடும்பம்’ என்று போட ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி சொன்னாள்: “ரெண்டு பேருக்கும்னா வரட்டுங்க. இல்லாட்டி எனக்கும் வேண்டாம்.”

“அஞ்சு உதை வாங்குனவ பேசற பேச்சா இது? என்ற காவலு ஒரு தடவைகூட உதைக்கலை. எனக்கு அது சும்மா நகையாட்டம்.”

“நீங்க இல்லாத பத்து வருசத்தை வெச்சிட்டு நான் என்னங்க பண்றது? ஊறுகாய் போடறதா?” அவள் அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். “எனக்குத் தெரியாம விட்டுக்குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

பூபதி கையை எடுத்து முகர்ந்து பார்த்தான். “இத்தனை எண்ணெயா வெப்பாங்க? அடுப்புல காட்டினா அப்பளம் பொரிக்கலாம்.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சத்தியம் செய்யவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அட்டையைப் பிரிக்கும் யோசனையைப் பூபதிதான் கொண்டுவந்தான். கடையில் பேசிக்கொள்கிறார்களாம். கணவன் மனைவி பிரிந்துவிட்டதாக வாரியத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அட்டை இரண்டாகும். அட்டை இரண்டானால் காவலும் இரண்டு. “பேப்பர்லதான அம்மிணி. பொட்டி வந்ததும் மறுக்கா ஒரு மாலை வாங்கி மாத்திக்கலாம். போன தடவை மாலை வாடல், இந்தத் தடவை நல்லதா எடுக்கலாம்.”

ஒரு வாரம் அழுது, பிறகு அவள் சம்மதித்தாள்.

சனிக்கிழமை வாரிய அலுவலகம் அரை நாள். காலையில் போனவன் மத்தியானம் ஒன்றரைக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது. வெயில் என்று நினைத்தாள்.

“சொல்லியாச்சு. உன்ற கையெழுத்துதான் பாக்கி.” துணி வெட்டும் மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்தான். மேலே இருந்தது இரண்டாம் பக்கம். “மொதல் பக்கம் படிக்காத. பிரியறதுக்குக் காரணம் எழுதணுமாம். நான் உன்னைக் கொடுமை பண்ணுனேன்னு எழுதியிருக்கு. படிச்சா உனக்குத் தாங்காது.”

ஒரு ரவிக்கைக்கு மூன்று முறை அளவு பார்ப்பவள் சுகந்தி. அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பூபதி ஒரு பையில் நாலு சட்டையை எடுத்துப் போட்டான். “கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு. இன்னிக்கே போயிடறேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. கறி எடுக்கலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை போனா ஆகாதுங்களா?”

“இன்னிக்குத் தேதியிலருந்து தனித்தனியா இருக்கோம்னு பத்திரத்துல எழுதியிருக்கு. எப்ப வேணா வந்து பாப்பாங்களாம்.” அவள் தோளுக்குக் கீழே, காவல் புடைத்திருந்த இடத்தில், உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தான். “சமத்தா உதை.” அவளிடம் அல்ல, அதனிடம் சொன்னான்.

*

சுகந்தி வீட்டைத் துடைத்து வைத்தாள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. குளியலறையில் ஒரு பிரஷ். கொடியில் ஒரு வேட்டிகூட இல்லை. கழுத்திலிருந்த தாலியைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டாள். பொய்யைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அவள் குணம்.

மாசி மாதத்தில் ஒரு நாள், கையில் டேப்லெட்டுடன் ஒரு பெண் வாசலில் நின்றாள். “வீட்டுல எத்தனை பேருங்க?”

வாரியத்திலிருந்து சோதிக்க வந்தவள் என்று சுகந்தி நினைத்தாள். வாய் தானாக ஓடியது. “நான் ஒருத்திதானுங்க. அந்த மனுசன் போய்த் தொலைஞ்சான். அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன? செத்தான்னு சொன்னாலும் எட்டிப் பாக்க மாட்டேன்.” தெருவே கேட்கும்படி கத்தினாள். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து நின்றாள்.

அந்தப் பெண் பாவம், இரண்டடி பின்னால் போனாள். “இல்லீங்கக்கா, தண்ணித் தொட்டில கொசுப் புழு இருக்கான்னு பாக்க வந்தேன்.”

அன்றைக்குப் போனில் பூபதி விடாமல் சிரித்தான். “கொசுவுக்கு முன்னால என்ற மானத்தை வாங்கிட்டியே அம்மிணி.”

ஆனால் எதிர்வீட்டுக்காரி சிரிக்கவில்லை. சிங்காநல்லூரில் இருந்த பூபதியின் அக்கா காந்திமதிக்கு அது ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சேர்ந்தது. “இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்,” என்று காந்திமதி சொன்னதாகத் திரும்பி வந்தது. இருக்கட்டும், எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சுகந்தி விட்டுவிட்டாள்.

தினமும் பத்தரைக்குப் பூபதி போன் செய்வான். “இன்னிக்குக் கூவுச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு முன்னால் அவள் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். மோட்டாரை வார்னிஷில் நனைத்துச் சுடும் அடுப்புப் பக்கத்தில் நிற்பேன், சத்தத்தில் கேட்காது, என்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். யாராவது பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரி இருக்கவேண்டும் என்று முதுகோடு முதுகாக இரண்டு மேஜையில் உட்காருவார்கள். அவன் ஒரு தேங்காய் பன் வாங்கிப் பாதியைப் பின்னால் நீட்டுவான்.

புதுக் காவல் வைத்துக்கொள்ள வரச்சொல்லிப் பங்குனிக் கடைசியில் அவளுக்குக் கடிதம் வந்தது. மையத்தில் இம்மானுவேல்தான் பெயரைச் சரிபார்த்தான்.

“உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பெரிய மனசுக்கா,” என்றான் மெதுவாக.

சோதித்துப் பார்க்கிறான் என்று நினைத்தாள் சுகந்தி. கூடத்தில் வாரிய ஆட்கள் வேறு இருந்தார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு, “அந்த ஆளைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க,” என்றாள்.

இம்மானுவேல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

புதுக் காவல் கூவவில்லை. இன்னும் பத்து வருஷத்துக்குக் கூவாது. பத்து பத்து ஆனதும் அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். ஒன்றும் கேட்காது. அந்த அமைதி முதலில் வெறுமையாக இருந்தது. பிறகு சொல்லக் கூச்சமான ஒரு சந்தோஷமாக மாறியது.

பூபதியின் முறைதான் வரவேயில்லை. சித்திரை போனது, வைகாசி போனது.

“கூவுனாத்தான பேரு பட்டியல்ல ஏறும்,” என்றான், முதுகுக்குப் பின்னாலிருந்து. “என்ற காவலு உதைக்காத காவலு. பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருக்கு. என்ன அவசரம்?”

“எனக்கு அவசரமுங்க. சீக்கிரம் கூவட்டும்னு மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டியிருக்கேன்.”

பன்னைப் பிய்க்கும் சத்தம் நின்றது. “நல்ல வேண்டுதல்,” என்றான்.

ஆடி முடியும் ஞாயிற்றுக்கிழமை, அவன் எழுந்து போகும்போது அவள் மேஜைப் பக்கம் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றான். “அம்மிணி, ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா? மத்தியானமா வந்து, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போயிடறேன்.”

அவளுக்கும் ஆசைதான். “இத்தனை நாள் பொறுத்துட்டோமுங்க. இப்பப் போயி யாராச்சும் பாத்துச் சொல்லிட்டா உங்களுதும் போயிருமே. உங்களுக்கு வெச்சப்புறம் வாங்க. தினமும் மூணு வேளையும் சோறு போடறேன்.”

“சரி,” என்று போனான்.

*

அடுத்த புதன்கிழமை, மத்தியானம் இரண்டேகாலுக்கு, வைண்டிங் கடையில் செம்புக் கம்பிச் சுருளைக் கையில் வைத்தபடியே பூபதி சாய்ந்தான். கடை முதலாளி மயில்சாமிக்கு அவர்கள் பிரிந்துவிட்டது மட்டும்தான் தெரியும். அதனால் அக்காவுக்குப் போன் செய்தார். உடம்பு சிங்காநல்லூருக்குப் போனது. சுகந்திக்கு எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள்: “உங்களுக்கு ஒண்ணுமில்ல, இருந்தாலும் சொல்றேன்.”

எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. காந்திமதி வாசலிலேயே மறித்தாள்.

“என்ற தம்பி எக்கேடு கெட்டா என்னன்னு ஊரு கேக்கச் சொன்னவதான நீ? செத்தாலும் எட்டிப் பாக்க மாட்டேன்னியே. இப்ப எதுக்குடி வந்தே?”

“அண்ணி…”

“யாருக்கு யாரு அண்ணி? வெட்டிவிட்டுப் பத்திரம் எழுதினவளுக்கு இங்க என்ன வேலை?”

அது பொய் அண்ணி, எல்லாம் பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய்ப் பத்திரம் என்று தெரிந்தால் வைத்த காவலைத் திரும்ப எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. கை தானாகப் போய் இடது தோளுக்குக் கீழே மூடிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கே அவள்மேல் அருவருப்பு வந்தது. அங்கே செத்துக் கிடக்கிறான். இங்கே தன் உயிரைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

சாமியானா ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வெளியாள் மாதிரி அதில் உட்கார்ந்தாள். பொழுது போய் மறுநாள் விடியும்வரை அங்கேயே இருந்தாள். யாரோ காபி கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்தாள். அவனுக்கு ஏன் காவல் உதைக்கவில்லை என்ற ஒரே கேள்விதான் உள்ளே ஓடியது. பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருந்ததே.

காலை பத்து மணிக்குத் தோளில் ஒரு பையுடன் இம்மானுவேல் வந்தான். காவலோடு எரித்தால் நெருப்பில் வெடிக்கும் என்பதால், தகனத்துக்கு முன்னால் மையத்திலிருந்து வந்து எடுத்துவிட்டுத்தான் போவார்கள். எல்லாச் சாவு வீட்டுக்கும் இப்போது இது வழக்கமாகிவிட்டது. அவன் உள்ளே போனான். கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து பத்துக்குப் பெட்டிக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஏறி, இறங்கி, ஏறி. கண்ணாடிக்கு அடியில், மாலைகளுக்கு அடியில், மங்கலாக.

அழுகை சட்டென்று நின்றது. அடுத்த நொடி காந்திமதி வீறிட்டாள். “உசிரு இருக்குது! என்ற தம்பிக்கு உசிரு இருக்குது! தெறங்கடா!” நாலைந்து ஆண்கள் பாய்ந்து மூடியைத் தூக்கினார்கள். மாலைகள் சரிந்து விழுந்தன. ஒருவர் மூக்கருகே விரல் வைத்தார். ஒருவர் காலைத் தேய்த்தார். இம்மானுவேல், “இல்லீங்க, அது கருவிங்க, அது கருவிதானுங்க,” என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். யாரும் கேட்கவில்லை.

வாசலில் சுகந்தி எழுந்து நின்றிருந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் அது உயிரில்லை என்று கேட்டவுடனே தெரிந்தது. வேறு சிலதும் அந்த இருபது விநாடிக்குள் தெரிந்துபோயின. பத்தரைக்கு முன்னால் எடுக்காத போன். சாயங்காலம் மட்டும் வந்த பேக்கரி. ‘மத்தியானமா வந்து’. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைகூட வீட்டில் இல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போன அந்த அவசரம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. இம்மானுவேல் முன்னால் நின்றாள்.

“இது எப்பலருந்து கூவுது?”

அவன் வட்டத் தட்டைப் பூபதியின் மார்பில் வைத்து, கையிலிருந்த திரையைப் பார்த்தான். “உங்களுது ஆரம்பிச்சு பதினோராவது நாள்லருந்துக்கா. அது ஒரு வெள்ளிக்கிழமை.”

வெள்ளி. மறுநாள் சனி.

“அப்ப அவருக்கு ஏன் புதுசு வரலை? எங்க அட்டைதான் ரெண்டா ஆச்சே? பத்திரம் குடுத்தோமே?”

“உங்க அட்டை ஒண்ணுதானக்கா?” இம்மானுவேல் குழப்பத்துடன் பார்த்தான். “தை ஒண்ணுக்கு அப்புறம் பிரிச்ச அட்டை எதுவும் செல்லாதுன்னு வாரியத்துல அறிவிச்சுட்டாங்களே. அவரு சனிக்கிழமை வாரியத்துல போயிக் கேட்டாரு, இல்லைன்னு சொல்லிட்டாங்க. உங்களுது கூவ ஆரம்பிச்சிருச்சு, அவருதும் கூவுது, யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணணும்னு சொன்னாங்க. அப்பத்தான் விட்டுக்குடுக்கற பத்திரம் வாங்கிட்டுப் போனாரு.” அவன் குரல் இறங்கியது. “நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தீங்களேக்கா. ‘என் கணவரின் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன்’னு. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க அவரைப் பத்திப் பேசாதேன்னீங்க.”

காந்திமதி தம்பியின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சுகந்தி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து… நேத்து அது ஒண்ணுமே பண்ணலையா?”

இம்மானுவேல் சொல்லலாமா என்று யோசித்தான். பிறகு சொன்னான். “ரெண்டு மணி பதினாலுக்குக் கண்டுபிடிச்சிருக்கு. உதைக்கச் சக்தி சேத்திருக்கு. நாப்பது செகண்டு முயற்சி பண்ணியிருக்கு. பத்தலைன்னு எழுதி வெச்சிருக்கு. மறுபடியும் சேத்திருக்கு. ஆறு தடவை.”

பன்னிரண்டு வருஷத்தில் அவனுக்கு வந்திருக்கவேண்டிய முதல் உதை. சூதாடியிருக்கிறான். இத்தனை வருஷம் உதைக்காதது இனியும் உதைக்க வேண்டியிருக்காது என்று நம்பி ஆடியிருக்கிறான்.

அவள் குனிந்து அவன் காதருகே பேசினாள். அழவில்லை. சண்டைக்குப் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

“என்னைக் கேக்காம எங்கிட்டயே கையெழுத்து வாங்கினீங்க. போகட்டும். ஏழு மாசம்… ஏழு மாசம் ஊட்டுல இருந்திருக்கலாமில்ல? கூவட்டுமே. ரெண்டு பேரும் சேந்து கேட்டிருப்போமே. சோத்துக்கு வரட்டுமான்னு கேட்டு… நான் வேண்டாம்னு…”

காந்திமதி எழுந்து வந்தாள். சுகந்தியின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். “தாலி எங்க புள்ள?”

“பொத்தான் டப்பாவுல இருக்குதுங்க அண்ணி.”

“யாராச்சும் வண்டி எடுத்துட்டுப் போயி அந்த டப்பாவை வாங்கிட்டு வாங்க,” என்றாள் காந்திமதி வாசலைப் பார்த்து. “அவ போட்டுக்கட்டும். போட்டுத்தான் கழட்டணும்.”

*

உள்ளறையில் காவலை எடுத்து முடித்ததும் இம்மானுவேல் ஒரு காகிதத்துடன் வந்தான். தீர்ந்துபோன கருவி வாரியத்துக்குப் பயன்படாது. வேண்டுமென்றால் நெருங்கிய உறவு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் அவனே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான்.

இரண்டு பக்கம் இருந்தது. சுகந்தி முதல் பக்கத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். சாவு வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். தேர் கட்டுகிறவன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவள் அவசரப்படவில்லை. இரண்டாம் பக்கத்தையும் படித்தாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். ‘இறந்தவருக்கு உறவு’ என்ற இடம் காலியாக இருந்தது. ‘மனைவி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

காரியம் முடிந்து பதினேழாம் நாள் மெஷினைத் திறந்தாள். பூபதியின் காவலைப் போட்டு வைத்திருந்த பொத்தான் டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். பத்து பத்துக்கு அது கூவியது. பொத்தான்கள் மெல்ல அதிர்ந்தன.

துணி கொடுக்க வந்திருந்த பெண் திடுக்கிட்டாள். “அக்கா, உங்களுக்கா?”

“இல்ல கண்ணு. எங்க வீட்டுக்காரருக்கு.”

புரட்டாசி போனது. ஐப்பசியில் சத்தம் கம்மியது. கார்த்திகையில் ஒரு காலை, அவள் ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து பத்து ஆனது. பத்து பதினொன்று ஆனது. மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. பத்தரை ஆனதும், பழக்கத்தில், போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.